ஒரு எட்டுப் பார்த்து வருபவர்

கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கு வேலை தொடங்கும்.

மைசூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் திசு ஆய்வுப் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தார். அறுவையில் எடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் பதித்து அவர் மேசைக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இன்ன நோய், இன்ன தரம் என்று அவர் எழுதுவார். மற்றவர்களுக்கு அத்துடன் அந்த ஸ்லைடு முடிந்தது. அவருக்கு முடியாது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பி, ஸ்கூட்டரில் அக்ரஹாரத்து வட்டம் வரைக்கும் போவார். அங்கே பூக்கடைக்கு எதிரில் வண்டியின் வேகம் குறையும். ஒரு காலை ஊன்றி நிற்பார். பிறகு வட்டத்தை முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு வந்த வழியே மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவார், அந்த ஸ்லைடை இன்னொரு முறை பார்க்க.

பூக்காரம்மாள் அவருக்கென்று கட்டி வைத்த மல்லிகையை முதல் முறை கொடுக்கவே மாட்டார். "இப்ப வேண்டாம் மேடம், வாடிப்போகும். திரும்பி வர்றப்ப வாங்கிக்கிங்க" என்பார். அவரும் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. "சரி, எடுத்து வையி. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போவார்.

அந்தச் சொற்றொடரைத்தான் மருத்துவமனை முழுவதும் அவருக்குப் பெயராக வைத்திருந்தது. "ஒரு எட்டு வந்தாச்சா?" என்று வாயிற்காவலர் கூடக் கேட்பார்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவு அப்போது என் பொறுப்பில் இருந்தது. என் குடும்பம் கொள்ளேகாலத்துப் பக்கம். அவருடையது மேலுகோட்டையில் வேர்விட்டு மைசூரில் கிளைத்த வைணவக் குடும்பம். வயதில் எனக்கு ஓரிரு ஆண்டே மூத்தவர். இருவரும் தமிழ் பேசினோம் என்றாலும், அவர் தமிழுக்கும் என் தமிழுக்கும் நடுவே கன்னடத்தை உட்கார வைத்தால்தான் சில காரியங்கள் நடக்கும்.

ஒருமுறை மேலுகோட்டையில் அவர் உறவினர் திருமணம். நானும் போயிருந்தேன். இலையில் புளியோதரை விழுந்து, அதில் அவர் கை வைத்த நேரம். கை அப்படியே நின்றது. முந்தின நாள் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையைப் பற்றித் தம் கணவரிடம் ஏதோ சொன்னார். கணவர் அப்பளத்தை நொறுக்கியபடியே, "போயிட்டு வா. பாயசத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். பந்தியைவிட்டு எழுந்தவர், வாடகைக் காரில் மைசூருக்குப் போய், ஸ்லைடைப் பார்த்து, மாலை வரவேற்புக்குத் திரும்பிவிட்டார்.

"தப்பா எழுதியிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லே. சரியாத்தான் இருந்துது."

"அப்ப வீண் அலைச்சல்தானே?"

"சரியா இருக்கும்னு இருக்கறது வேற ஸார். சரியா இருக்குன்னு தெரிஞ்சிண்டு வரது வேற."

பக்கத்தில் இருந்த கணவர் சிரித்தார். "எங்க கல்யாணத்துல மூணு முடிச்சையும் இவ திரும்பிப் பாத்திருப்பா. கழுத்துக்குப் பின்னாடி போட்டதாலே தப்பிச்சேன்."

இந்தப் பண்பை எல்லோரும் சிரித்தே ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அவரிடம் வேலை பார்ப்பது களைப்பு தருவது. நடந்துகொண்டே படிப்பார், நின்றுகொண்டே சாப்பிடுவார், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார். அவர் இருக்கும் அறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார யாருக்கும் மனம் வராது. பிரிவில் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருத்தி, தன் அறிக்கைகளை அவர் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பது கண்டு அழுதுவிட்டாள். "என் மேல நம்பிக்கை இல்லியா மேடம்?" என்று கேட்டாள். "எனக்கு என் மேலேயே இல்லியேம்மா. உன் மேல மட்டும் எங்கேர்ந்து வரும்?" என்றார் அவர். ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர் கையில்தான் அந்த இணையத் தளம் வந்து சேர்ந்தது.

பல நாட்டு மருத்துவமனைகள் தங்கள் ஸ்லைடுகளின் படங்களை, நோயாளியின் பெயரும் ஊரும் நீக்கி, அந்தத் தளத்தில் பொதுவில் வைத்திருந்தன. அந்தப் படங்களைக் கற்று, ஒரு கட்டி அறுவைக்குப் பின் திரும்ப வருமா வராதா என்று கணித்துச் சொல்லும் கணினி மாதிரிகளும் அங்கே இருந்தன. யாரும் எடுத்துச் செல்லலாம். தங்கள் ஊர் ஸ்லைடுகளில் ஓட்டிப் பார்த்து, பொருந்தியது, பொருந்தவில்லை என்று கீழே எழுதலாம். எங்கள் இயக்குநர் அதில் சேர வேண்டும் என்று முடிவெடுத்தபோது மேடம் என் அறைக்கு வந்தார். வழக்கம்போல் உட்காரவில்லை.

"இதுல ஏத்தினதைத் திரும்ப எடுக்க முடியுமா ஸார்?"

"தளத்துலேர்ந்து எடுக்கலாம். அதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போனவங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது."

"அப்போ இது பீரோ இல்லே. தபால் பெட்டி" என்றார். ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "போடறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும்."

அப்படியே பார்த்தார். புதிதாக வாங்கிய ஸ்கேனர், ஒரு ஸ்லைடைச் சிறு சிறு கட்டங்களாகப் படமெடுத்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெரும் படமாக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களின் பழைய ஸ்லைடுகளை அதில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். முதலில், நலமாக இருப்பவர்களுடையவை. அவர்கள் ஆண்டுதோறும் சோதனைக்கு வருவதால் ஒப்புதல் வாங்குவது எளிதாக இருந்தது. நோய் திரும்ப வந்தவர்களிலோ பலர் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் குடும்பத்தாரைத் தேடிப் போய் ஒப்புதல் வாங்கி வருவதற்குள் தசரா வந்துவிட்டது. ஆகவே அந்த ஸ்லைடுகள் தசராவுக்குப் பிறகுதான் ஸ்கேனரில் ஏறின.

நடுவில் ஆயுத பூஜை. மைசூரில் அன்றைய தினம் பொட்டு வைக்காத இயந்திரம் ஏதும் இராது. பேருந்துக்கும் வைப்பார்கள், தையல் இயந்திரத்துக்கும் வைப்பார்கள். எங்கள் பிரிவில் நுண்ணோக்கிகளுக்கும் சாயக் குப்பிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர் உரிமை. அந்த ஆண்டு ஸ்கேனருக்கும் வைத்தார். புது வரவு என்பதால் அதற்குப் பொட்டு கொஞ்சம் பெரிது. மூடியின் விளிம்பில் மல்லிகைச் சரமும் உண்டு.

படங்களைக் கொண்டு நாங்கள் பயிற்றுவித்த மாதிரி வியக்கும்படி சரியாகச் சொன்னது. எங்கள் ஸ்லைடுகளில் எதைக் கொடுத்தாலும், யாருக்கு நோய் திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்று பிசகாமல் பிரித்தது. தளத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். பல நாட்டவர் எடுத்துச் சென்றார்கள். இயக்குநர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மேடம் மைசூர்பாகை விண்டு கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு சரியா எப்படிச் சொல்றது இது?" என்றார். "என்னாலேயே சொல்ல முடியலியே."

"அதுக்குத்தானே மெஷின்" என்றார் இயக்குநர்.

அந்த மைசூர்பாகு மாலைவரை அவர் மேசையில் இருந்தது.

சில மாதங்கள் போயின. நாங்கள் வாரந்தோறும் கூடி நோயாளிகளின் சிகிச்சையை முடிவு செய்வோம். மருத்துவர்களின் கருத்து இரண்டுபடும் இடங்களில் மாதிரியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் வழக்கம், யாரும் தீர்மானிக்காமலேயே, அந்தக் கூட்டத்துக்குள் வந்தது. அதன் சொல் உண்மையாகவே தராசைச் சாய்த்தது ஒரே ஒரு நோயாளிக்குத்தான். அவர் கொள்ளேகாலத்தை அடுத்த ஹனூரைச் சேர்ந்த, தமிழ் பேசும் விவசாயப் பெண்மணி. நாற்பதைத் தாண்டியவர். இடுப்புவரை கூந்தல். அறுவை முடிந்துவிட்டது. அடுத்து நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்து வேண்டுமா, மாத்திரை மட்டும் போதுமா என்பதே கேள்வி. "நடுவுல நிக்கற கேஸ்" என்றார் அவர், ஸ்லைடைப் பார்த்து. மருத்துவர்களும் பாதிப் பாதியாக நின்றார்கள். மாதிரி, ஆபத்து குறைவு என்றது. மாத்திரை போதும் என்று எழுதினோம். எல்லோரும் கையெழுத்திட்டோம். அவரும் இட்டார்.

அந்தப் பெண்மணி மறுநாள் ஒரு பை நிறைய அவரைக்காயோடு எங்கள் பிரிவுக்கு வந்தார்.

"முடி போகாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பிடிச் சொன்ன பொட்டி இங்கதான் இருக்குதுன்னாங்க. ஒருவாட்டி பாத்துட்டுப் போறனுங்க."

ஸ்கேனரைக் காட்டினோம். இரண்டு கைகளாலும் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மேடம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

பிறகு ஒருநாள் தளத்தில் எங்கள் மாதிரிக்குக் கீழே போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் மாதிரி அவர்கள் ஊர் நோயாளிகள் எல்லோரையும் ஆபத்தில்லாதவர்கள் என்கிறது. நோய் திரும்பி இறந்தவர்களைக்கூட அப்படியே சொல்கிறது. காரணம் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

கூட்டத்தில் இதைப் படித்தேன். அவர்கள் ஊர்ச் சாயம் வேறு, சீவும் கத்தி வேறு, உடல்வாகு வேறு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணந்தான். மாலையில் அவருடைய ஸ்கூட்டர் அக்ரஹாரத்து வட்டத்துக்குப் போகவே இல்லை என்று பின்னால் பூக்காரம்மாள் சொன்னார். போகாமலேயே திரும்பியிருந்தார்.

என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"ஸார், ரெண்டு மாசமா நம்மூர்லயும் இது யாருக்குமே கெட்டதாச் சொல்லலை. கவனிச்சேளா?"

நான் கவனித்திருக்கவில்லை.

"எல்லாரும் நன்னா இருக்காங்கறது. இது எதைப் பாத்து இப்படிச் சொல்றதுன்னு காட்ட முடியுமா?"

முடியும். படத்தில் எந்தப் பகுதியைக் கொண்டு முடிவெடுத்ததோ அந்தப் பகுதியை மஞ்சளாக்கிக் காட்டும் வசதி உண்டு. நோய் திரும்பிய ஒருவரின் பழைய படத்தைத் திறந்தேன். மஞ்சள் படர்ந்தது. அவர் குனிந்தார்.

"இது கொழுப்பு. இதுல என்ன இருக்கு பாக்கறதுக்கு? அடுத்த கட்டம்."

காட்டினேன்.

"இது வெறும் கண்ணாடி. திசுவே இல்லே. அடுத்தது."

காட்டினேன். அவர் விரல் திரையைத் தொட்டது.

"மூலையைப் பாருங்கோ. கட்டிமேலயும் அதே மூலை, கொழுப்புமேலயும் அதே மூலை, ஒண்ணுமில்லாத எடத்துலயும் அதே மூலை."

படத்தைப் பெருக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் வலப்புற மேல் மூலையில் ஒரு மங்கிய நிழல் இருந்தது. சிவப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தசராவுக்கு முந்தைய படங்களைத் திறந்தேன். அவற்றில் அது இல்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், சங்கராந்தி கழிந்து, ஸ்கேனரைப் பராமரிக்கப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். லென்ஸைத் துடைத்த பஞ்சில் சிவப்பாய் ஒட்டியிருந்ததைக் காட்டி, பூஜை நன்றாகவே நடந்திருக்கிறது மேடம் என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அவர் கை மெல்லத் தம் நெற்றிக்குப் போயிற்று. பொட்டைத் தொட்ட விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு எட்டு வாங்கோ" என்றார். முதன்முறையாக என்னையும் அழைத்தார்.

அந்த நிமிடத்தில் வேறு யாராக இருந்தாலும் தெரிந்தது போதும் என்று நின்றிருப்பார்கள். அவர் நிற்கவில்லை. நோய் திரும்பிய ஒருவரின் ஸ்லைடை, துடைத்த லென்ஸில் மறுபடி படமெடுக்கச் சொன்னார். மாதிரி, ஆபத்து குறைவு என்றது. பிறகு, நலமாக இருக்கும் ஒருவரின் ஸ்லைடை வைத்தார். விரலில் இருந்த குங்குமத்தில் ஒரு துகளை, பூஜை செய்வது போலவே கவனமாக, லென்ஸின் ஓரத்தில் ஒற்றினார். படமெடுத்தோம். மாதிரி, ஆபத்து மிகுதி என்றது.

நலமானவர்கள் எல்லோரும் குங்குமத்துக்கு முன். நோயுற்றவர்கள் எல்லோரும் குங்குமத்துக்குப் பின். மாதிரி கற்றுக்கொண்டது அதைத்தான். வேறெதையும் அது கற்கவில்லை. துடைத்த லென்ஸில் படமெடுத்த ஹனூர்ப் பெண்மணியைப் பற்றி அது உண்மையில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

இயக்குநர் அக்ரஹாரத்துக்காரர். மேடத்துக்கு ஏதோ ஒரு வகையில் அண்ணன் முறை. அறைக்கதவைச் சாத்தியதும் பதவிகள் போய் உறவு வந்துவிடும்.

"மாதிரியை எடுத்துடு. சரி. படத்துல தூசு இருந்துதுன்னு எழுது. குங்குமம்னு எதுக்குடி எழுதணும்?"

"அது தூசு இல்லியே அண்ணா."

"உலகம் பூரா பாக்கற எடம். இந்தியாக்காரன் மெஷினுக்குப் பொட்டு வெச்சான், அதான் இப்படி ஆச்சுன்னு சிரிப்பா."

"சிரிக்கட்டும். சிரிச்சவா மறக்கமாட்டா. தூசுன்னு எழுதினா தூசைத் தேடுவா. நம்ம தேசத்துல எத்தனை ஆஸ்பத்திரியில ஆயுத பூஜை பண்றா? அவா போய் அவா லென்ஸைப் பாக்க வேண்டாமா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஹனூர் அம்மாவை மறுபரிசீலனைன்னு கூப்பிட்டு மருந்தை ஆரம்பிச்சுடலாம். காரணம் சொல்லணும்னு இல்லே. பயந்துடுவா."

"வேண்டாம்னு சொன்னப்போ காரணம் சொன்னோமே. பெட்டி சொல்லித்துன்னு சொன்னோமே. அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனா அண்ணா அவ."

இதைச் சொல்லும்போது அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்துகொண்டிருந்தார். இயக்குநர், "நீ உக்காரு முதல்ல" என்றார். உட்காரவில்லை. "உன் பேர்லதான் போகும். எனக்குத் தெரியாது" என்றார் இயக்குநர் கடைசியில்.

"என் பேர்லதான் போகணும்."

தளத்தில் எங்கள் மாதிரியின் தலைப்புக்கு மேலேயே குறிப்பைப் போட்டேன். சொற்கள் அவருடையவை. ஆயுத பூஜை அன்று ஸ்கேனருக்கு நான் வைத்த குங்குமத்தின் துகள் லென்ஸில் விழுந்திருந்தது. இந்த மாதிரி கற்றது நோயை அன்று, அந்தத் துகளை. எடுத்துச் சென்றவர்கள் பயன்படுத்த வேண்டாம். கீழே தம் முழுப் பெயரையும் பதவியையும் எழுதச் சொன்னார். எடுத்துச் சென்றவர்களில் முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் தனியாகவும் எழுதினார். முகவரி தெரியாதவர்கள் சிலர் இருந்தார்கள். வேறு பெயரிட்டு எங்கோ வைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கலாம். அந்தப் பட்டியலின் முடிவில் வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கெல்லாம் ஓர் எட்டுப் போய்வர முடியாது.

போலந்திலிருந்து நன்றி வந்தது. வடநாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரி: எங்களிடமும் பூஜை உண்டு, போய்ப் பார்க்கிறோம். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. அல்லது எழுத்தில் சிரிக்கவில்லை.

ஹனூர்ப் பெண்மணியின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை என் காரில் புறப்பட்டோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "மலைக்குப் போயிருக்குதுங்க. முடி எறக்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு வளைவிலும் அவர் கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டார். "என்ன சொல்றதுன்னு யோசிச்சேளா?" என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "வேண்டாம். யோசிச்சா தப்பாத்தான் வரும்" என்று தாமே முடித்தார்.

முடி காணிக்கை செலுத்தும் இடத்துக்கு வெளியே, குழாயடியில், ஊர்ப் பெண்கள் நடுவே அந்தப் பெண்மணி நின்றிருந்தார். மழித்த தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்கம்மா, நீங்களும் மலைக்கு வந்தீங்களா? பாருங்க, மருந்துக்குப் போகோணும்னு இருந்த முடி. மாதப்பனுக்கே குடுத்துட்டனுங்க."

மேடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை.

"உங்களுக்கு நாங்க சொன்னது தப்பும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எது தப்புங்க?"

"மருந்து வேண்டாம்னது. அந்தப் பெட்டிக்கு நான் வெச்ச குங்குமம் உள்ளே விழுந்துடுத்து. அது கத்துண்டது அந்தக் குங்குமத்தைத்தான். உங்க நோயைப் பாத்துச் சொல்லலை."

பெண்மணி குழாயை நிறுத்தினார். தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது.

"பொட்டு வெச்சது தப்புங்களா?"

"வெச்ச எடம் தப்பு. வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காதது அதைவிடத் தப்பு."

"இப்ப மருந்து போடோணுமா?"

"போட்டுக்கறது நல்லதுன்னு நெனைக்கறேன். டாக்டர்கள் மறுபடி கூடி, மெஷினை விட்டுட்டு, பேசுவா. நான் போடச் சொல்லித்தான் பேசப் போறேன்."

பெண்மணியின் முகத்தில் சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. குரல் தணிந்து, கூர்மையாக வந்தது.

"போன மாசம் வேண்டாம்னீங்க. இப்ப வேணும்ங்கறீங்க. அடுத்த மாசம் வந்து இதுவும் தப்புன்னு சொல்லுவீங்களா?"

"தப்புன்னு தெரிஞ்சா வருவேன்" என்றார் அவர்.

அந்தப் பெண்மணி திட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் தம் தலையைத் தடவிப் பார்த்தார். சந்தனம் கையில் ஒட்டியது.

"முடிதான் எப்படியும் போயாச்சே" என்றார். "இருங்க, துணிப்பைய எடுத்துட்டு வாறன். உங்க வண்டியிலயே வந்துக்கறன்."

மருந்து ஏற்றும் நாட்களில் எல்லாம் அவர் கீழ்த்தளத்துக்குப் போய்வந்தார். திசு ஆய்வு மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கப் போகும் வழக்கம் இல்லை. அவர் போனார். படுக்கை ஓரத்தில் நிற்பார், சொட்டு விழுவதைப் பார்ப்பார், போவார், திரும்பி வருவார். "ஒரு எடத்துல நிக்க மாட்டீங்களாம்மா, எனக்கே தல சுத்துது" என்று அந்தப் பெண்மணி சொல்வது மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் கேட்கும்.

கடைசி முறை மருந்து முடிந்த நாள், அந்தப் பெண்மணி விடைபெற எங்கள் பிரிவுக்கு வந்தார். தலையில் பூனைமயிர் போல் ஏதோ அரும்பத் தொடங்கியிருந்தது. மெலிந்திருந்தார். இந்த முறை ஸ்கேனரின் பக்கம் போகவில்லை. மேடத்தின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதிசயமாக மேடமும் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த மருந்து போடாம உட்டிருந்தாலும் நான் நல்லாத்தான் இருந்திருப்பனோ?"

"இருந்திருக்கலாம்."

"இருந்திருக்க மாட்டனோ?"

"அதுவும் இருக்கலாம். தெரியாது. அந்த வழியில நீங்க போகலியே."

பெண்மணியின் முகத்தில் மலைமேல் பார்த்த பழைய சிரிப்பு ஒருகணம் எட்டிப்பார்த்தது.

"எல்லாத்தயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வருவீங்களாமே, கீழ நர்சுங்க சொன்னாங்க. இதையுந்தான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்களே."

நான் சிரித்தேன். அந்தப் பெண்மணியும் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். மேசைமேல் இருந்த ஸ்கூட்டர்ச் சாவியைக் கையில் எடுத்தார். கதவுவரை போனார். கதவில் கைவைத்தவர் அப்படியே நின்றார்.

போவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.